கூர்ஜி சித்தப்பாவின் தனி வாரம்

நெவே எஷெல்,
முதல் நாள், பிற்பகல்.

அன்புள்ள தம்பி அமிகாமுக்கு,

ஹெமதா அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நாங்களும் அவ்வாறே இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. பன்னிரண்டு நாட்களாக உன் அப்பா, என் கூர்ஜி சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் "சரிக்கா, முடிவு என்ன?" என்று கேட்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முடிவு கடைசியில்தான் வரும். பொறுமையாகப் படி.

"ரெண்டு மணி நேர வேலைக்கா. அப்பாகிட்ட ஒரு காலண்டரைக் காட்டிட்டு, அந்தப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு." இது நீ சொன்னது, ஒரு சொல் மாறாமல். உன் ஊரில் திங்கட்கிழமை காலையில், இங்கே முதல் நாள் இரவு முடியும் முன்பாக, அப்பா உன்னைக் கூப்பிட்டுக் குரல் தாழ்த்தி, "ஓய்வுநாள் இப்பதான் முடிஞ்சுது, அதான் போன் எடுக்கல" என்று சொன்னதாகவும், ஓய்வுநாள் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டதே என்று நீ பயந்துபோனதாகவும், உடனே முதியோர் நினைவுப் பரிசோதனைக்கும் பேர்ஷெபாவில் உள்ள முதியோர் இல்லத்துக்கும் சேர்த்து இரண்டு படிவங்களை எனக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னாய். பரிசோதனையின் முதல் கேள்வியே "இன்று என்ன நாள்?" என்பதுதான். அதற்குத் தப்பாகப் பதில் சொன்னால் உன் அப்பா வீட்டையும் குடைமிளகாய் விளையும் வலைக்கூடத்தையும் விட்டுவிட்டு, மூன்றாம் மாடியில் ஜன்னலோரப் படுக்கைக்குப் போக வேண்டியதுதான். இதை அவரிடம் நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

வெலிங்டனில் இருபது ஆண்டுகளாகச் செவ்வாய், புதன் என்று சொல்லிச் சொல்லி நம் கணக்கே உனக்கு மறந்திருக்கலாம். அந்த மக்கள் நாட்களுக்குக் கோள்களின் பெயரையும் தேவர்களின் பெயரையும் கொடுத்துவைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. உங்கள் ஞாயிறு நமக்கு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், அப்படியே ஆறு வரைக்கும் வெறும் எண்கள். சனிக்கு மட்டும் ஓய்வுநாள் என்று ஒரு பெயர். எண்ணிக்கொண்டே வந்தால்தான் நமக்கு வாரம். நடுவில் எண்ணாமல் விட்டவரிடம் வாரமே இல்லை. உன் அப்பா நடுவில் விட்டார். அவர் குற்றமல்ல, காய்ச்சல். ஒரு மூன்றாம் நாள் மாலையில் குளிர் அடித்துப் படுத்தார். தலைமாட்டில் ஒரு குடுவைத் தண்ணீர். தொலைபேசி சார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது. கண் விழித்தபோது தாடி வளர்ந்திருந்தது, குடுவை காலியாக இருந்தது. காய்ந்த பிட்டா ரொட்டியை மாங்காய் அம்பா ஊறுகாயில் தொட்டுத் தின்றுவிட்டு யோசித்தாராம்: எத்தனை நாள் கிடந்தேன்? இரண்டா, ஐந்தா? வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து, போகிறவரைக் கேட்டிருப்பார்கள். உன் அப்பா மதச் சட்டம் படித்தவர்.

பாலைவனத்தில் நடந்துபோகிறவன் நாள் கணக்கை மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட நம் முன்னோர் யோசித்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் யோசிக்காமல் விட்டது எதுவுமில்லை. அதுதான் நம் தலைவலி. நினைவு வந்த நாளை முதல் நாளாக வைத்து ஆறு நாள் எண்ணி, ஏழாவதை ஓய்வுநாளாகக் கொள்ள வேண்டும். அவர் கண் விழித்தது ஊருக்கு இரண்டாம் நாள். அதை முதல் நாள் என்று அறிவித்துவிட்டார். ஆகவே ஊரின் ஓய்வுநாள் அவருக்கு ஆறாம் நாள். ஊரார் வேலைக்குக் கிளம்பும் முதல் நாள் அவருக்கு ஓய்வுநாள். இதில் இன்னொரு துணைவிதியும் இருக்கிறது. எந்த நாளும் உண்மையான ஓய்வுநாளாக இருக்கக்கூடும் என்பதால், மற்ற நாட்களிலும் உயிர் பிழைக்கத் தேவையான வேலை மட்டுமே செய்யலாம். பாத்திரம் கழுவுவது உயிர் காக்கும் வேலை அல்ல என்று தீர்ப்பாகிவிட்டது. எனவே பன்னிரண்டு நாளாக நான் கழுவுகிறேன். எழுதுவதும் அல்ல, எனவே எந்தப் படிவத்திலும் அவர் கையெழுத்திட மாட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்த அன்றே நாள்காட்டியை மேசையில் விரித்துவைத்தேன்.

"இது யாரு அச்சடிச்சது, கண்ணு?" என்று கேட்டார்.

"யாரோ டெல் அவீவுல அச்சடிச்சாங்க சித்தப்பா. அதுவா முக்கியம்?"

"நல்லா அச்சடிச்சிருக்கான். காலண்டர்ல தப்பே இல்ல. நான் அதுல எந்தக் கட்டத்துல நிக்கிறேங்கிறதுதான் கேள்வி."

"மூணாவது கட்டத்துல. இன்னைக்கு மூணாம் நாள்."

"எப்படிச் சொல்ற?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எந்த எல்லாருக்கும்?" என்றார். அந்தக் கேள்வியைக் குதர்க்கம் என்று நினைத்துவிட்டேன். மண்ணின் உப்புத்தன்மை அளக்கும் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். மண்ணாவது அளந்தால் ஓர் எண்ணைச் சொல்லும்.

இதற்குள் ஊர் இரண்டுபட்டுவிட்டது. நெவே எஷெலில் நாற்பது வீடு. அதில் தொழுகைக்கு வருகிற ஆண்கள் சரியாகப் பத்துப் பேர். பத்துப் பேர் இல்லாமல் கூட்டுத் தொழுகை நடக்காது. பத்தாமவர் உன் அப்பா. ஜெபக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மசூத் தினமும் வந்து கெஞ்சினார். நான் வந்தபின் வந்த முதல் ஓய்வுநாள் காலையில் ஒன்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, உன் அப்பா அதற்கு நேரெதிரே வேலியில் கம்பளத்தைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறாம் நாள் அல்லவா, வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டாமா? பாத்திரம் கழுவுவது உயிர் காக்கும் வேலை இல்லை. கம்பளம் தட்டுவது வரப்போகும் ஓய்வுநாளுக்கு மரியாதை. வெங்காயம் வதக்கினார். கோழியையும் அரிசியையும் பானையில் போட்டு, இரவெல்லாம் சிறுதீயில் கிடக்கும் தபீத்துக்கு ஏற்பாடு செய்தார். வாசனை நேராகக் கூடத்துக்குள் போயிற்று. மாலையில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஊரில் ஓய்வுநாள் முடிந்து, வீடுகளில் தொலைக்காட்சி அலறத் தொடங்கிய நேரத்தில் இவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் ஓய்வுநாளைத் தொடங்கத் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். எனக்கு வாரத்தில் இரண்டு ஓய்வுநாள், தம்பி. இரண்டிலும் ஓய்வு இல்லை.

மசூதுக்கு வேறு கவலை. "கூர்ஜியண்ணே, வேற எந்த நாளை எடுத்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். போயும் போயும் முதல் நாளா? சர்ச்சுக்குப் போறவங்க நாள் அது! வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"அவங்களும் எண்ணித்தான் வந்திருப்பாங்க" என்றார் உன் அப்பா.

"அது பாலைவனத்துல வழி தப்புனவனுக்கு எழுதின சட்டம் அண்ணே. இது நாப்பது வீடு இருக்கிற ஊரு."

"நாப்பது வீடு இருந்தா பாலைவனம் இல்லையா? ஒருத்தன் நாள் கணக்கா கிடந்தான், ஒருத்தரும் வரல. அந்த இடத்துக்கு என்ன பேரு மசூது? நீயே சொல்லு."

மசூத் என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

பிறகு உன் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு சாட்சிகள் வர வேண்டும். அவர் காணாமல் போனதை எந்த நாளில் அறிந்தார்கள் என்று இருவரும் ஒரே நாளைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தக் கணமே ஊர்க் கணக்குக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். இது எளிது என்று நினைத்தோம். மறுநாள் மாலையே சமையலறை மேசையைச் சுற்றி விசாரணை ஆரம்பமானது. முதலில் மளிகைக்கடை ரூஹமா. நல்ல பெண், நல்ல மனத்தோடு பொய் சொன்னாள்.

"ரெண்டாம் நாள் கடைக்கு வந்தீங்களேண்ணே. முகம் ஒரு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். மத்தி டின் ரெண்டு வாங்கினீங்க. அதுக்கப்புறம் காணோமேன்னு ஒரே யோசனை எனக்கு."

"மத்தி தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். ஆறு வருஷமா தொட்டதில்ல. அடுத்து?"

அடுத்து, பக்கத்து வீட்டு யெஃபெத். "நான் அஞ்சாம் நாள் கதவைத் தட்டினேன். உள்ளேருந்து 'தூங்கறேன், போ'ன்னு சொன்னீங்க."

"எந்த மொழியில சொன்னேன்?"

"ஹீப்ருலதான்."

"காய்ச்சல்ல எனக்கு பாக்தாத் அரபியைத் தவிர எதுவும் வாயில வராது. என் பொண்டாட்டி இருந்தா சொல்லியிருப்பா. அடுத்து?"

மசூத் எழுந்து நின்றார். நேர்மையான மனிதர், அவசரக்காரர். "எதுக்கு இந்த வழக்கெல்லாம்? காய்ச்சல்ல கிடந்ததாச் சொல்றீங்களே, அந்த ஓய்வுநாள் நீங்க கூடத்துல இருந்தீங்கண்ணே! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்குப் பத்துப் பேர் இருந்தோம். நான்தான் எண்ணினேன்."

"ஓ. நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"எப்பவும் உக்கார்ற..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். யெஃபெத் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "அது அந்த மலையேற வந்த பையன், மசூதண்ணே. முதுகுல பெரிய மூட்டையோட ரோட்டுல போயிட்டிருந்தான். நீங்கதான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்து பத்தாவதா நிக்க வெச்சீங்க."

ஜெபக்கூடத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு அரை கிலோமீட்டர். உன் அப்பா வீட்டுக்கு இருநூறு அடி.

"ஆக, உங்களுக்குப் பத்து வேணும்" என்றார் உன் அப்பா. கோபமே இல்லாமல் சொன்னார். "கூர்ஜி வேணும்னு இல்ல." எழுந்து போய் விளக்கை அணைக்காமலே படுத்துக்கொண்டார். விளக்கை அணைப்பதும் உயிர் காக்கும் வேலை இல்லையாம். நான் அணைத்தேன்.

இதற்குப் பிறகும் நான் விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். முதுமை, தனிமை, காய்ச்சலுக்குப் பின் வரும் குழப்பம் என்று மூன்று காரணங்களை வரிசைப்படுத்திக் குறித்துவைத்தேன். கண் திறந்தது போன மூன்றாம் நாள் விடியற்காலையில். குடைமிளகாய் ஏற்றும் வண்டி இந்த ஊருக்கு மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வருகிறது, ஊர்க் கணக்கில். நான் எழுந்து வெளியே வந்தால், வலைக்கூட வாசலில் எட்டுப் பெட்டி குடைமிளகாய் அடுக்கிவைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் உன் அப்பா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். போன ஐந்தாம் நாளும் இப்படித்தான். அதற்கு முந்தைய மூன்றாம் நாளும் இப்படித்தான். ஒரு முறைகூடத் தவறவில்லை.

"சித்தப்பா, இன்னைக்கு உங்க கணக்குல என்ன நாள்?"

"ரெண்டாம் நாள்."

"ரெண்டாம் நாள் வண்டி வராதே. பெட்டி எதுக்கு அடுக்கினீங்க?"

தேநீரை ஊதினார். வண்டி தூரத்தில் திரும்பும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு நாள் தெரியும்" என்றேன். "முதல்லேருந்தே தெரியும்."

"தெரிஞ்சா என்ன கண்ணு? தெரிஞ்சவன் தொலைஞ்சு போகக் கூடாதா?"

"நர்ஸ் வந்து கேக்கும்போது இதையே சொன்னீங்கன்னா உங்களை மூணாவது மாடியில கொண்டுபோய் வெச்சிடுவாங்க."

"வெக்கட்டும். அங்கயாவது ஒருத்தி தினமும் வந்து எட்டிப் பாப்பாளாமே" என்றவர், வண்டிக்காரனைப் பார்த்துக் கையசைக்கப் போய்விட்டார்.

தம்பி, நீ இப்போது "சரிக்கா, முடிவு என்ன?" என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. இன்னும் ஒரு பக்கம்தான்.

நேற்று முன்தினம், ஆறாம் நாள் காலையில் யெஃபெத் வந்தான். மழித்த முகம், கையில் தொப்பி. ஓய்வுநாளோடு அவன் தாய் இறந்து ஒரு வருடம் நிறைகிறது, அவளுக்கான கடைசி வேண்டுதலைச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும் என்று வாசலில் நின்றுகொண்டே சொன்னான். உள்ளே வரவில்லை. உன் அப்பா, "அந்த மலையேறுற பையன் விலாசம் இருக்கா?" என்று கேட்டார். அது கொடுமையான பேச்சு. யெஃபெத் கண் கலங்கிவிட்டான். எனக்கு இருவர்மேலும் எரிச்சல் வந்தது. பன்னிரண்டு நாளில் முதல்முறையாக என்மேலும் வந்தது. ஏனென்றால், உனக்கும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வாரந்தோறும் நாலாம் நாள் மாலையில் உன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவேன் அல்லவா? பதினொரு வருடப் பழக்கம். அவர் படுத்த மறுநாள் நாலாம் நாள். எனக்கு ஒரு அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். பிறகு, விட்டதே வெட்கமாக இருந்ததால் விட்டேன். நான் கூப்பிட்டிருந்தால் அவர் எடுத்திருக்க மாட்டார். எடுக்காவிட்டால் அன்றிரவே யாரையாவது அனுப்பியிருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு இதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"நான் சாட்சி சொல்றேன் சித்தப்பா. நாலாம் நாள். நான் கூப்பிட வேண்டிய நாள். கூப்பிடல."

உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. யெஃபெத் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் நாலாம் நாள்தாண்ணே" என்றான். "அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய். நான் கதவைத் தட்டவே இல்ல. தினமும் விடியறதுக்கு முன்னாடி உங்க டிராக்டர் என்னை எழுப்பிடும். நாலாம் நாள் அது ஓடல. நல்லாத் தூங்கினேன். எழுந்ததும், என்ன இன்னைக்குச் சத்தமே காணோம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சரி, இப்படியே கொஞ்ச நாள் இருந்தா நல்லா இருக்குமேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

இதைவிட மோசமான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. உன் அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். யெஃபெத்தை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவன் எதிரில் போய் நின்றார்.

"அவ்வளவு சத்தமாவா ஓடுது?"

"ஆமாண்ணே."

"அஞ்சு வருஷமா ஏன்டா சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது?"

"நாலாம் நாள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ரெண்டு பேரு. ஒரே நாள்." பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்துப் போய், குழாயைத் திறந்து, தானே கழுவிக் கவிழ்த்தார். "இன்னைக்கு ஆறாம் நாள்தானே? தொழுகை சாயங்காலம் எத்தனை மணிக்குன்னு மசூதுகிட்டக் கேட்டுச் சொல்லு. நேரத்தோட வர்றேன். உங்கம்மா எனக்கு நிறைய சோறு போட்டிருக்கா."

நேற்று யெஃபெத் தன் தாய்க்கான வேண்டுதலைச் சொன்னான். பத்துப் பேர் இருந்தார்கள். மசூத் எண்ணவில்லை, பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தார் என்று கேள்வி. இன்று காலையில் டிராக்டர் ஆறரை மணிக்குத்தான் உறுமியது. உடனே யெஃபெத் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உயிரோட இருக்கீங்களாண்ணே?" என்று கத்தினான். "உன்னை எழுப்பற அளவுக்கு இருக்கேன்டா" என்று பதில் போனது. இனி இது தினமும் நடக்கும் போலிருக்கிறது.

ஆகவே முடிவு இது: முதியோர் இல்லப் படிவத்தில் நான் கையெழுத்திடப் போவதில்லை. நீ அனுப்பிய உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன். உன் அப்பா கிடந்த நாட்களில் வந்த முதல் நாளன்று, அதாவது உங்கள் ஞாயிறன்று, நீயும் வழக்கம்போலக் கூப்பிட்டாய், எடுக்கவில்லை, தோட்டத்தில் இருப்பார் என்று வைத்துவிட்டாய். நீயே சொன்னாய். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ, நான், யெஃபெத் மூன்று பேரும் தப்புச் செய்தோம், அதற்கு இடம் மாற வேண்டியவர் அவர் அல்ல என்றுதான் சொல்கிறேன். நாளை வட்டார மருத்துவ மையத்திலிருந்து செவிலி பரிசோதனைக்கு வருகிறார். அதை நிறுத்த முடியவில்லை. பயப்படாதே, பொறுப்பான, நிதானமான, படித்த உறவினர் ஒருத்தி பக்கத்தில் இருக்கிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எல்லா நலனும் உண்டாகட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அடுத்த முறை இரண்டு மணி நேர வேலை எதுவும் இருந்தால் வேறு யாரிடமாவது சொல்.

அன்புடன்,
உன் அக்கா
ஹெமதா

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன். செவிலி வந்து போய்விட்டார். உன் அப்பா நாள், தேதி, மாதம், அடுத்த பண்டிகை எத்தனை நாளில் வருகிறது என்பது வரை சொல்லிவிட்டு, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டார். பிறகு செவிலி படிவத்தின் மேலே நாளைக் குறிப்பதற்காக, என்னைப் பார்த்து, "இன்னைக்கு ரெண்டாம் நாள்தானேம்மா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "இல்லை, முதல் நாள்" என்று நான் உறுதியாகச் சொன்னேன். உன் அப்பா, "ரெண்டாம் நாள், கண்ணு" என்றார், மிக மென்மையாக. ஊர்க் கணக்கையும் அவருடைய பழைய கணக்கையும் மாறி மாறி விரல்விட்டு எண்ணிக்காட்டி, இருவருக்கும் அவர்களுடைய பிழையை விளக்க நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். செவிலி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். வரும் ஐந்தாம் நாள் பேர்ஷெபாவில் எனக்கு முழுப் பரிசோதனை. பொறுப்பேற்கும் உறவினர் என்ற இடத்தில் உன் அப்பா கையெழுத்திட்டார். எழுத்து நடுங்கவே இல்லை.